‘எங்க ஊர்ல எழுத என்ன இருக்கு?’ - இடைசெவல் சாலையில் கதை தேடிப் போன கோவில்பட்டி மாணவி

கோவில்பட்டியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் அந்த மாணவிக்குத் திங்கட்கிழமைக்குள் ஒரு சிறுகதை வேண்டும். கல்லூரி ஆண்டு மலருக்காக.

முதலில் ஒரு கதை எழுதிக் கொடுத்திருந்தாள். நான்கு பக்கக் காதல் கதை. கொடைக்கானல் ஏரிக்கரையில், நடுங்கும் குளிரில் நடக்கிறது. தமிழ்ப் பேராசிரியை அதைப் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘இந்தக் குளிர் உன் கைக்குத் தெரியுமா?’

அவள் கொடைக்கானல் போனதே இல்லை.

"எங்க ஊர்ல எழுத என்ன மேடம் இருக்கு? வெயிலும் வேலிக்கருவையும்தான் இருக்கு" என்றாள். பேராசிரியை சிரித்துக்கொண்டே ஒரு துண்டுச் சீட்டில் மூன்று கதைகளின் பெயரை எழுதிக் கொடுத்தார். ‘கதவு’, ‘நாற்காலி’, ‘குமாரபுரம் ஸ்டேஷன்’. "லைப்ரரியில இருக்கு. படிச்சிட்டு இடைசெவலையும் குமாரபுரத்தையும் ஒரு எட்டு போய்ப் பாரு. டவுன் பஸ் போற தூரம்தான்" என்றார்.

வியாழனும் வெள்ளியும் படித்தாள். சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்தபோது, "நானும் வாரேன் தாயி" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார் அம்மாவைப் பெற்ற தாத்தா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கடம்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மானாவாரி வெள்ளாமை பார்த்தவர். பிறகு கோவில்பட்டிக்கு வந்து ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை பார்த்து ஓய்ந்தவர். அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாத ஓடையும் இல்லை, பனையும் இல்லை.

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்திருந்தது. காற்றில் மண் வாசம்.

கடலைமிட்டாய் ஊரின் இன்னொரு விளைச்சல்

கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய். அடுத்தது தீப்பெட்டி. இந்த இரண்டையும் போலவே இந்த ஊரைச் சுற்றி விளைந்த இன்னொன்றும் உண்டு. அது கதை.

இங்கிருந்து கிழக்கே போனால் பாரதி பிறந்த எட்டயபுரம். தெற்கே போனால் இடைசெவல். கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி இரண்டு பேரும் பிறந்த ஊர். இருவருமே சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள். அழகிரிசாமிக்கு ‘அன்பளிப்பு’ சிறுகதைத் தொகுப்புக்காக 1970-ல், அவர் மறைந்த பிறகு கிடைத்தது. கி.ரா.வுக்கு ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991-ல். ஒரு சின்னக் கிராமத்திலிருந்து இரண்டு அகாடமி விருதுகள்.

அதோடு முடியவில்லை. ‘அசுரன்’ படம் பார்த்தவர்களுக்கு அதன் மூலக்கதையான ‘வெக்கை’ நாவலைத் தெரிந்திருக்கும். அதை எழுதிய பூமணியும் இந்தக் கரிசல் பக்கத்துக்காரர்தான். ‘அஞ்ஞாடி’ நாவலுக்காக அவருக்கு 2014-ல் அகாடமி விருது. உருளைக்குடி என்ற தன் ஊர்க் கண்மாயை மையமாக வைத்து ‘சூல்’ எழுதிய சோ.தர்மனுக்கு 2019-ல். இந்த ஊர்க் கவிஞர் தேவதச்சன், கோவில்பட்டியில் நகைக்கடை நடத்திக்கொண்டே கவிதை எழுதியவர்.

இத்தனைக்கும் இது மழை குறைந்த பூமி. ஆறு பாயாத ஊர். மலைச்சாரலும் கடற்கரையும் இல்லை. சுற்றுலாப் பேருந்துகள் இந்த ஊருக்கென்று வருவதில்லை. நின்றாலும் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடும்.

கி.ரா. மறைந்த பிறகு தமிழக அரசு கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் அமைத்திருக்கிறது. வண்டியை அங்கே நிறுத்தி அவர் சிலையை இருவரும் பார்த்தார்கள். தாத்தா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவரு பெரிய படிப்பெல்லாம் படிச்சவரா தாயி?"

"இல்ல தாத்தா. பள்ளிக்கூடத்தைப் பாதியிலயே விட்டவரு. உங்கள மாதிரி சம்சாரிதான். முப்பது வயசுக்கு மேலதான் கதை எழுதவே ஆரம்பிச்சாரு. அப்புறம் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில புரொபசரா கூப்பிட்டு வச்சிக்கிட்டாங்க."

"அப்பிடியா!" என்றார் தாத்தா. பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "சம்சாரிக்கு எழுத என்ன கெடச்சிருக்கும்?" என்று கேட்டார். பேத்தி கல்லூரியில் கேட்ட அதே கேள்விதான்.

ஒரு கதவு, ஒரு நாற்காலி

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் இடைசெவல். சாலையில் விரையும் கார்களில் இருப்பவர்கள் ஒருமுறை தலையைத் திருப்புவதற்குள் ஊர் கடந்துவிடும். பெயர்ப் பலகையைப் பார்த்து வண்டியை உள்ளே திருப்பினால்தான் உண்டு.

ஊருக்குள் போகும் முன்பே இரண்டு பக்கமும் கரிசல். மழை பெய்த கரிசலில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். மண் செருப்பில் அப்பும். பத்து அடி நடப்பதற்குள் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடிவிடும். கோடையில் இதே மண் பாளம் பாளமாக வெடித்து, போட்ட சாவி உள்ளே விழுந்தால் எடுக்க முடியாத அளவுக்கு வாய் பிளக்கும். மழைத் தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும் மண் இது. அந்த ஈரத்தை நம்பித்தான் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து எல்லாம். மழை ஏமாற்றினால் மொத்தமும் ஏமாற்றம்.

தாத்தா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு மழை விழணும்" என்றார். விவசாயத்தை விட்டு முப்பது வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஊர் மற்ற கரிசல் கிராமங்களைப் போலவே இருந்தது. கதை படித்துவிட்டு வந்தவளுக்கு இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இங்கேதான் கி.ரா. பள்ளிக்கூடம் போனார். இங்கேதான் நண்பர்கள் இருவரும் இசையும் இலக்கியமும் பேசித் திரிந்தார்கள். அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னை, மலேசியா என்று போன பிறகும் கி.ரா.வுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன. கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்த கி.ரா. 2021 மே மாதம் மறைந்தபோது, உடலை இந்த ஊருக்குத்தான் கொண்டுவந்தார்கள். இறுதி மரியாதை அரசு மரியாதையாக இங்கேதான் நடந்தது.

நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, தாத்தாவுக்கு ‘கதவு’ கதையைச் சொன்னாள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட வேறு பொம்மை இல்லை. வீட்டுக் கதவில் தொங்கி, அதை ஆட்டி ஆட்டி பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு ஒருநாள் வேறு இடத்தில் கிடக்கும் கதவைக் கண்டுபிடித்து, பிள்ளைகள் ஓடிப் போய் அதைக் கட்டிக்கொள்கிறார்கள்.

‘நாற்காலி’ கதையையும் சொன்னாள். நாற்காலியே இல்லாத ஒரு வீட்டில் ஆசை ஆசையாக ஒன்று செய்து போடுகிறார்கள். ஊரில் சாவு விழுந்தால் பிணத்தை உட்காரவைக்க அதை இரவல் கேட்டு வர ஆரம்பிக்கிறார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் அதில் உட்கார மனம் வருவதில்லை.

நாற்காலிக் கதைக்குத் தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். கதவுக் கதைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல கதவைக் கழட்டல தாயி. சொசைட்டிக் கடனுக்கு வந்தாங்க. ரெண்டு வருசம் மழ இல்ல, எங்கிட்டு இருந்து கட்ட? அடுக்களையில இருந்த பித்தள அண்டாவத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. உங்க ஆச்சி கலியாணத்துக்குக் கொண்டாந்த அண்டா. தெருவே வேடிக்க பாத்துச்சி."

இந்த விஷயத்தை அவள் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. பத்தொன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் தாத்தா.

கதவும் நாற்காலியும் எந்த வீட்டில்தான் இல்லை? கி.ரா. அவற்றைத் தேடி எங்கேயும் போகவில்லை. வீட்டில் இருக்கும் பொருள் ஒன்று, அதை ஒருநாள் யாரோ எடுத்துக்கொண்டு போனால் அந்த வீடு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். பேராசிரியை பென்சிலால் கேட்ட கேள்விக்கு என்ன பொருள் என்பது இடைசெவல் நிழலில்தான் அவளுக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

இன்னொன்றும் கவனித்தாள். தாத்தா பேசும்போது விழும் சொற்கள். ‘பொழுது சாய’, ‘வெள்ளாமை’, ‘சம்சாரி’. கொடைக்கானல் கதையில் இந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கதையில் எல்லோரும் டிவி சீரியல் தமிழ் பேசினார்கள். கி.ரா. இந்த வட்டாரத்துச் சொற்களையெல்லாம் திரட்டி ஓர் அகராதியே போட்டவர். போனை எடுத்து, தாத்தா சொன்ன சொற்களை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தாள்.

"என்ன தாயி, எம் பேச்சையா எழுதுத?"

"ஆமா தாத்தா."

"அதுல என்ன கெடக்கு?"

கடந்து போகும் ரயில்கள்

அடுத்தது குமாரபுரம். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் ரயில் பாதையில், கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் இடையில் இருக்கும் சின்ன ஸ்டேஷன். இந்தப் பாதையில் விரைவு ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் பலகை சட்டென்று பின்னால் ஓடுவதைப் பார்த்திருக்கலாம். அவ்வளவுதான்.

அழகிரிசாமி இந்த ஸ்டேஷனைத் தலைப்பாகவே வைத்துக் கதை எழுதினார். சுற்றிலும் காடு. பக்கத்தில் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. யாருக்காக இங்கே ஒரு ஸ்டேஷன் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் கதை போகப் போக, கிராமத்துப் பையன்கள் சிலர் படிப்பதற்காகக் கோவில்பட்டிக்கு ரயிலில் போகிறார்கள். அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு அப்போது ஒரு பெருமை வந்துவிடுகிறது. கதையில் பெரிய சம்பவம் ஒன்றும் கிடையாது. படித்து முடித்தவர்களுக்கு அந்தப் பிளாட்பாரம் மட்டும் மறப்பதில்லை.

இப்போது பாதை இரட்டைப் பாதையாகிவிட்டது. மின்கம்பிகள் தலைக்கு மேல் ஓடுகின்றன. தாத்தாவும் பேத்தியும் போய் நின்ற நேரத்தில் ஒரு விரைவு ரயில் வந்தது. வேகத்தைக் குறைக்கவே இல்லை. காற்று முகத்தில் அறைந்து, தாத்தாவின் தலைத்துண்டு அவிழ்ந்தது. ரயில் போன பிறகு சுற்றிலும் ஒரே அமைதி. தூரத்தில் மயில் ஒன்று அகவியது.

அவளுக்கு அழகிரிசாமி எழுதிய பையன்களின் ஞாபகம். "தாத்தா, அந்தக் காலத்துல நம்ம ஊர்ப் பிள்ளைங்களும் இங்க வந்துதான் ரயில் ஏறுவாங்களா, படிக்கிறதுக்கு?"

"ஆம்பளப் பயலுவ ஒண்ணு ரெண்டு பேரு போனாங்க" என்றார் தாத்தா. கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்தபடி இருந்தவர், "பொம்பளப் பிள்ளைக பஸ்ஸுல போச்சு" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்கா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. "பொழுதாகுது, வா" என்று நடந்தார்.

கம்பெனி பஸ் நின்ற முக்கு

தாத்தாவுக்குக் கடம்பூர் போளி வாங்க வேண்டும். ரயில் பயணிகள் மத்தியில் பேர்பெற்ற போளி அது. அந்தப் பக்கம் போனால் மகளுக்கு வாங்காமல் அவர் திரும்பியதே கிடையாது. போளி வாங்கிக்கொண்டு, ஊர்ப் பாதை வழியாகத் திரும்பினார்கள். அவர்களுடைய பழைய கிராமம் அந்த வழியில்தான். வீட்டை எப்போதோ விற்றாகிவிட்டது.

ஊருக்குப் பிரியும் முக்கில் ஒரு வேப்பமரம். "செத்த நிப்பாட்டு தாயி" என்றார் தாத்தா. ஸ்கூட்டியிலிருந்து இறங்கவில்லை. மரத்தைக் காட்டினார்.

"இந்த மரத்தடியிலதான் உங்கம்மா பஸ் ஏறுவா."

"எந்தப் பஸ்?"

"கம்பெனி பஸ்."

தீப்பெட்டிக் கம்பெனி பஸ். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் 1970-களிலும் 80-களிலும் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மழை இல்லாத வறண்ட காற்று தீப்பெட்டித் தொழிலுக்கு ஏற்றது. அதே வறட்சி, வேறு வேலை இல்லாத குடும்பங்களையும் உண்டாக்கியது. விடிவதற்கு வெகு முன்பே கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய், வேலைக்கு வரும் பெண்களோடு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வரும். இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் முக்கியமான தீர்ப்பு அளித்தது. சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி பஸ் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி அவளுடைய அம்மா.

"அம்மாவுக்கு அப்ப எத்தன வயசு தாத்தா?"

"ஒம்பது. அண்டாவத் தூக்கிட்டுப் போன வருசந்தான். ரெண்டு பயலுவளையும் படிக்க வச்சேன். அவள மட்டும் அனுப்பிட்டேன்." தாத்தாவின் குரல் தணிந்துவிட்டது. "தூக்கத்துலயே தூக்கிட்டு வந்து இந்த மரத்தடியில நிறுத்துவேன். கண்ணத் தொறக்க மாட்டா. ஒருநாகூட அழுததில்ல. அழுதிருந்தாக் கூட்டிட்டுப் போயிருப்பேனோ என்னமோ."

வேப்பமரம் மழையில் நனைந்து பளபளவென்றிருந்தது. அந்த வழியாக அவள் இதற்கு முன் எத்தனையோ முறை போயிருக்கிறாள். கோயில் கொடைக்கு, கல்யாணத்துக்கு, துக்க வீட்டுக்கு. மரத்தைப் பார்த்ததாகவே ஞாபகமில்லை.

அடுக்களை மூலையில்

வீட்டுக்கு வந்தபோது அம்மா தையல் மெஷினில் இருந்தார். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். போளிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "மழையில நனைஞ்சியளா?" என்று கேட்டார். தாத்தா ஒன்றும் பேசாமல் வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, நீ தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனியா?"

மெஷின் நின்றது. "யாரு சொன்னா?"

"தாத்தா."

அம்மா திண்ணைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "போனேன். இந்தப் பக்கத்துல போகாதவ யாரு?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்றதுக்கு அதுல என்ன இருக்கு?"

காலையிலிருந்து மூன்றாவது முறையாக அதே கேள்வி. எழுத என்ன இருக்கு என்று பேத்தி கேட்டாள். என் பேச்சில் என்ன கிடக்கு என்று தாத்தா கேட்டார். இப்போது அம்மா. அந்த வீட்டில் யாருக்குமே தங்களிடம் சொல்ல ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனால் கேட்க ஆரம்பித்ததும் அம்மா சொல்லிக்கொண்டே போனார். பஸ்ஸில் பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்து தூங்கியது. கட்டை அடுக்கியது. மரச்சட்டத்தின் பள்ளங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். எத்தனை கட்டை அடுக்குகிறோமோ அத்தனைக்குத்தான் கூலி. மருந்து வாடையும் மெழுகு வாடையும் தலைமுடியில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டாலும் போகாது. பேசக்கூடாது என்பார்கள். ஆனால் கட்டை அடுக்கிக்கொண்டே ஒருத்தி சினிமாக் கதை சொல்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே அடுக்குவார்கள். சொல்லும்போதே அம்மாவின் வலது கை விரல்கள் காற்றில் குச்சி எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தன. முப்பது வருடத்துக்கு மேலாகியும் விரல்கள் மறக்கவில்லை.

"சம்பளத்த என்னம்மா பண்ணுவ?"

"வீட்டுக்குத்தான். கொஞ்சங் கொஞ்சமா ஆச்சி எனக்குன்னு எடுத்து வச்சா. பன்னெண்டு வயசுல நானா ஒண்ணு வாங்கினேன்." அம்மா அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தா இருக்குல்ல."

அடுக்களை மூலையில் ஒரு பித்தளை அண்டா. வீட்டில் அரிசி கொட்டிவைப்பது அதில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பையைத் தூக்கிப் போடுவது அதன் மூடிமேல்தான். சின்ன வயதில் அதற்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறாள். பழசு, எடைக்குப் போட்டுவிடலாமே என்று போன தீபாவளிக்கு வீடு கழுவும்போது அம்மாவிடம் சொன்னதும் அவள்தான். அம்மா அன்று ஒன்றும் பேசாமல் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கி.ரா.வின் கதவு எங்கே இருந்தது என்று தேடி அவள் காலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனாள். அடுக்களைக்கு அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடி.

"இத எழுதட்டுமாம்மா?"

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வேண்டாம். ஊரு எல்லாம் தாத்தாவத் தப்பா நெனைக்கும். ஒம்பது வயசுப் பிள்ளைய அனுப்புன மனுசன்னு பேசும்."

திண்ணையிலிருந்து குரல் வந்தது. "எழுதட்டும்த்தா. நடந்ததுதான? எம் பேரையும் சேத்தே போடட்டும்."

அம்மா எதுவும் சொல்லவில்லை. மெஷினை மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு

தீப்பெட்டித் தொழிலில் இன்று இயந்திரங்கள் வந்துவிட்டன. ரொம்ப நாள் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. பிளாஸ்டிக் லைட்டர்களோடு போட்டி போட முடியாமல் தொழில் திணறுகிறது. விடிகாலையில் பிள்ளைகளைத் தேடி கம்பெனி பஸ் வருவது பழங்கதையாகிவிட்டது. அது நல்லதுதான். ஆனால் அந்தப் பஸ்ஸில் போனவர்கள் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். நம் வீட்டு அடுக்களையில், நம் தெருத் தையல் கடையில், ரேஷன் வரிசையில் நிற்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள். கேட்காவிட்டால் அவர்களோடு போய்விடும்.

இது கோவில்பட்டிக்கு மட்டும் உரியது இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட், நாகப்பட்டினத்தில் கடலுக்குப் போன படகு, நீலகிரியில் தேயிலைக் கூடை என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேப்பமரத்தடி இருக்கிறது. கதை எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய பொருள் எது என்று பார்க்கலாம். பிறகு அது எப்படி வந்தது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்கலாம். சொல்லும் வார்த்தைகளை மாற்றாமல் அப்படியே குறித்துவைத்தால் போதும்.

அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினாள். கதையின் பெயர் ‘அண்டா’. ஆறு பக்கம். கொடைக்கானல் கதைக்கு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இதற்கு எட்டுத் தாள் கிழிந்தது.

இரவு சாப்பாடு முடிந்ததும் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். தாத்தா திண்ணையில் தூங்குவதுபோல் படுத்திருந்தார். தூங்கவில்லை.

படித்து முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மா, "இது தப்பு" என்றார்.

அவளுக்குப் பகீரென்றது. "எதும்மா?"

"பஸ்சு நாலரைக்கு வரும்னு எழுதியிருக்க. நாலரை இல்ல, மூணரை. அப்புறம் அண்டா தீபாவளிக்கு வாங்கல. பொங்கலுக்கு."

அவள் பேனாவை எடுத்து இரண்டையும் திருத்தினாள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, சரியாக எழுதுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.